மதுரைக்கு எது வேண்டும்: மெட்ரோவா, பஸ்ஸா, இருக்கிற தண்டவாளமா?

திருநகர் நிறுத்தத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பெண்மணி நிற்பார். கையில் மடித்த சாக்கு, இடுப்பில் சுருக்குப் பை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லி வாங்கி, ஏழு மணிக்குள் திரும்பி, கட்டி, தெருத் தெருவாக விற்க வேண்டும். முதல் பஸ் நேரத்துக்கு வந்தால் அன்று லாபம். வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்கு அழுத காசு போக, பூ விற்ற காசில் மிச்சம் கொஞ்சம்தான். வெயில் ஏறினால் மல்லி மலர்ந்துவிடும், மலர்ந்த பூவை முழு விலைக்கு யாரும் வாங்குவதில்லை. அவருக்குப் பத்து நிமிடம் என்பது பத்து நிமிடம் மட்டுமல்ல.

அவரைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் உண்டு. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 31.93 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மதுரை மெட்ரோவின் பாதையில்தான் அவருடைய தினசரிப் பயணம் கிடக்கிறது. திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, ரயில்வே ஜங்ஷன், சிம்மக்கல், மாட்டுத்தாவணி என்று அந்தக் கோட்டின் மேலேயே வாழ்பவர் அவர். ஒரு திட்டத்தால் சாதாரண மக்களுக்குப் பயன் உண்டா என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இந்த ஒரு பயணத்தை வைத்துக் கேட்டால் கொஞ்சம் உருப்படியாகப் பேசலாம்.

2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளைத் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையைக் கேட்கிறது, 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு ஏறத்தாழ 15 லட்சம்தான் என்பது சொல்லப்பட்ட காரணம். மதுரையின் இப்போதைய பயணிகள் எண்ணிக்கைக்குத் தனித்தடப் பஸ்ஸே பொருத்தம் என்றும் சொன்னார்கள். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கொடுத்தீர்களே என்று மாநில அரசு கேட்டது. நியாயமான கேள்விதான். 2011 கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் அடுத்த அறுபது ஆண்டுகளைத் தீர்மானிப்பது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்கலாம். ஆனால் இந்த மல்லுக்கட்டில் ஒரு கேள்வி யார் வாயிலும் வரவில்லை. கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அது நாம் முதலில் கேட்க வேண்டிய பொருள்தானா?

மேம்பாலத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வார்த்தை போதும். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டருக்கு நத்தம் சாலையின் மேல் ஒன்றைக் கட்டினார்கள். செலவு 612 கோடி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 84 கோடி. 2021 ஆகஸ்டில் கட்டுமானத்தின்போது ஒரு பகுதி இடிந்து விழுந்து வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். 2023 ஏப்ரலில் திறந்தார்கள். காரில் போகிறவர்களுக்கு அது சுகம், நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் மேம்பாலத்தின் மேல் பஸ் நிறுத்தம் கிடையாது. டவுன் பஸ் கீழேதான் போயாக வேண்டும், அதில் ஏறுகிறவர் கீழேதான் நிற்க வேண்டும், தூண்களுக்கு இடையே. பூக்காரருக்கு இதில் நிழல் மட்டுமே லாபம்.

மெட்ரோவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதன் பக்கம் உண்மையான பலம் இருக்கிறது. திருமங்கலம் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை நிமிடத்தில் ஜங்ஷன் போய்ச் சேரலாம் என்று எவராலும் சொல்ல முடியாது, மெட்ரோவால் சொல்ல முடியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிப்ட் உண்டு. இரவு பத்து மணிக்குத் தனியாக வரும் பெண்ணுக்கு வெளிச்சமும் கேமராவும் ஆள்நடமாட்டமும் உண்டு. சென்னையில் பஸ், மெட்ரோ இரண்டையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பஸ் பத்து ஆண்டில் தேய்ந்துபோகும், சுரங்கம் பேரன் காலத்திலும் இருக்கும்.

இப்போது கணக்கு. மதுரைத் திட்டத்தின் மதிப்பீடு 11,368 கோடி. கிலோமீட்டருக்கு 356 கோடி. சென்னையின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 532 கோடி. மதுரையில் பெரும்பகுதி தூண்களின் மேல் போவதாலும், ஊருக்கு நடுவே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் மட்டுமே சுரங்கம் என்பதாலும் மலிவாகத் தெரிகிறது. இந்த மலிவு, கட்டி முடிக்கும்வரை மலிவாகவே இருக்கும் என்று நம்ப என் மனம் இடம் தரவில்லை.

செலவு செய்தால் ஏறுவார்களா? சென்னையில் 54 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த 2024-ஆம் ஆண்டில் மெட்ரோ பயணிகள் மொத்தம் 10.52 கோடி. ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே சென்னையில் மூவாயிரத்துச் சொச்சம் மாநகர பஸ்கள் ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமக்கின்றன. பத்துக்கு ஒன்று. பக்கத்துக் கொச்சியைப் பாருங்கள். 2017-இல் தொடங்கிய மெட்ரோவில் இன்றைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான். கொச்சியின் நகர்ப்பகுதி 2011-லேயே 21 லட்சம், மதுரையைவிடப் பெரிது.

பயணிகள் குறைவு என்பதாலேயே மெட்ரோ வீண் என்று நான் சொல்லவில்லை. தடங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால்தான் கூட்டம் வரும், ஒற்றைத் தடத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு. மதுரைக்குக் கிடைக்கப்போவது ஒற்றைத் தடம். அது எங்கே போகிறது என்பதைப் போலவே எங்கே போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தைத் தொடவில்லை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிறவர் இறங்குவது அங்கே, சென்னைக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் பிடிக்கப் போக வேண்டியது மாட்டுத்தாவணிக்கு. பெட்டியும் குழந்தையுமாக ஊரைக் குறுக்கே கடக்கும் அந்தக் குடும்பத்துக்கு மெட்ரோ பயன்படாது. விமான நிலையத்துக்கும் போகவில்லை. செல்லூர், வில்லாபுரம், அவனியாபுரம், ஆனையூர் என்று கைவேலை செய்து பிழைப்பவர்கள் நெருக்கிக் குடியிருக்கும் பகுதிகள் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

சரி, கோட்டின் மேலேயே இருக்கும் நம் பூக்காரருக்கு? சென்னை மெட்ரோவின் கட்டணத்தை அப்படியே வைத்துக்கொண்டால், திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டும் தூரம், 40 ரூபாய். போக வர 80. மாதம் 25 நாள் போனால் 2,000 ரூபாய். இப்போது அவர் கொடுப்பது? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கும் கண்டக்டரும் உண்டு, பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் உண்டு. சென்னை மெட்ரோவில் மூட்டை முடிச்சுக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. தண்ணீர் சொட்டும் பூச்சாக்கை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தவிர, சென்னையில் முதல் மெட்ரோவே காலை ஐந்து மணிக்குத்தான். அவர் நாலரைக்குக் கிளம்ப வேண்டியவர்.

மகளிர் கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எந்தப் பாலத்துக்கும் எந்தச் சுரங்கத்துக்கும் இப்படி ஒரு கணக்கு, ஒரு பெண்ணின் சுருக்குப் பைக்குள் எவ்வளவு போனது என்ற கணக்கு, வெளிவந்து நான் பார்த்ததில்லை.

அதனால் பஸ்ஸுக்கு வருகிறேன். வளைத்துச் சொல்லாமல் ஒரு மனக்கணக்குப் போடுவோம். தாழ்தளப் பஸ் ஒன்றுக்கு ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 500 புதுப் பஸ்கள், 500 கோடி. ஒவ்வொரு பஸ்ஸும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் நட்டத்தில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சம்பளம் வேண்டும், டீசல் வேண்டும், கட்டணமில்லாப் பயணத்தின் செலவையும் யாரோ கட்ட வேண்டும். ஆண்டுக்கு 182 கோடி. பத்து ஆண்டுக்கு 1,825 கோடி. வாங்கியதையும் சேர்த்தால் 2,325 கோடி. மெட்ரோ மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆறரைக் கிலோமீட்டர் மெட்ரோவின் விலை. இதில் மெட்ரோவின் வட்டியையோ ஓட்டும் செலவையோ நான் சேர்க்கவே இல்லை. அந்த வட்டியும் சாமானியம் அல்ல. இத்தகைய திட்டங்களில் செலவின் பெரும்பங்கு ஜப்பான் அரசின் கடனுதவி நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவர்களிடம் வாங்கும் கடன். ஏறினவரும் ஏறாதவரும் சேர்ந்துதான் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பஸ்ஸின் குறைகளை மறைக்கவும் கூடாது. 500 பஸ்ஸை இறக்கிவிட்டால் சிம்மக்கல்லும் கோரிப்பாளையமும் அகலமாகிவிடுமா? ஆகாது. நெரிசலில் கார் நிற்கும்போது பஸ்ஸும் நிற்கும். நிறுத்தத்தில் நிழற்குடை இருக்காது, இருந்தால் இருக்கை இருக்காது, இருக்கையும் இருந்தால் அதன் முன்னால் ஷேர் ஆட்டோ நிற்கும். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் கையை விரிப்பார். பெரியார் பஸ் நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆனது. அந்த மூன்று ஆண்டும் பஸ்கள் நடுத்தெருவில் நின்றன, நாமும் நின்றோம். ஒரு பஸ் நிலையத்துக்கே இந்தக் கதி என்றால், 500 பஸ்ஸை வாங்கி, டிப்போ கட்டி, டிரைவர் எடுத்து, ஓட்டிக் காட்டுவார்களா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இது புது வித்தை இல்லை. நூறாண்டுக்கு முன்பே பஸ் தொழிலில் இறங்கிய டி.வி.எஸ். இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் அந்தப் பெருமை எதைப் பற்றியது என்று கவனியுங்கள். பஸ்ஸின் நிறத்தையோ இருக்கையின் மெத்தையையோ யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. நேரத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றிய அரசு கைகாட்டிய தனித்தடப் பஸ் இடையில் நிற்கிறது. அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. டெல்லியில் 2008-இல் தொடங்கி, கார்க்காரர்களின் கூச்சலில் நசுங்கி, 2016-இல் பெயர்த்தெடுத்தார்கள். மாசி வீதிகளிலும் சிம்மக்கல் சாலையிலும் பஸ்ஸுக்கென்று ஒரு தடத்தைப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை, கோடு போட்ட அன்று மாலையே அதில் இளநீர் வண்டி நிற்கும். கப்பலூரிலிருந்து திருநகர் வரையும், மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரையும் இடமிருக்கிறது. அங்கே செய்யலாம். ஊருக்குள் வந்ததும் மற்றதோடு சேர்ந்து நகர வேண்டியதுதான்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று மிச்சமிருக்கிறது, எனக்கு அதன்மேல்தான் ஆசை. மெட்ரோவின் தென்பாதி, அதாவது திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை ஜங்ஷன் என்ற பகுதி, ஏற்கெனவே இருக்கிற ரயில் பாதைக்கு ஏறக்குறைய இணையாகவே போகிறது. அந்தப் பாதை மின்மயமானது, 2023-இல் இரட்டைப் பாதையும் ஆகிவிட்டது. இருக்கிற தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கிலோமீட்டருக்கு 356 கோடியில் இன்னொரு தண்டவாளம் போடப் பார்க்கிறோம், பழைய தண்டவாளத்தில் உள்ளூர்க்காரருக்கென்று ஓடும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜங்ஷனிலிருந்து பாதைகள் நான்கு பக்கமும் பிரிகின்றன. வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான். கிழக்கே சிலைமான், திருப்புவனம், மானாமதுரை. மேற்கே உசிலம்பட்டி வழியாகப் போடி. அகலப் பாதையாக்க மூடப்பட்டுப் பல ஆண்டு கிடந்த போடிப் பாதையில் 2023-இல்தான் மறுபடி போடி வரை ரயில் வந்தது. காலையும் மாலையும் அரை மணிக்கு ஒரு மெமு வண்டி (குறுந்தூர மின்சார ரயில்), பசுமலையிலும் தோப்பூர்ப் பக்கத்திலும் புதிதாக நடைமேடை என்று ஆரம்பித்தால் நான்கு திசைக்காரருக்கும் பயன். ஜங்ஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பெரியார் பஸ் நிலையம். இணைப்புக்கென்று தனியாக எதுவும் கட்ட வேண்டாம், சாலையைக் கடக்க ஒழுங்கான வழி இருந்தால் போதும்.

குறை? ரயில்வே டெல்லியின் கையில். நெடுந்தூர வண்டிக்கு வழிவிட்டு உள்ளூர் வண்டி வெளியே சிக்னலில் காத்துக் கிடக்கும் காட்சி நமக்குப் பழக்கம். மாட்டுத்தாவணிக்கும் ஒத்தக்கடைக்கும் ரயிலே கிடையாது, ஆகவே பூக்காரருக்குப் பாதி வழிக்குத்தான் உதவும். சென்னையில் வேளச்சேரி பறக்கும் ரயிலை பரங்கிமலையோடு இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008-இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுக்கும் மேல் இழுத்தது. நிலம் எடுப்பதில் தகராறு. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தடத்தின் பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களில் பகலிலேயே இருட்டு, ஏறி இறங்க ஆளில்லை.

கட்டடம் முந்திக்கொண்டு இணைப்பு பிந்துவதற்கு இன்னொரு சாட்சி கிளாம்பாக்கம். 88 ஏக்கரில் ஏறத்தாழ 394 கோடியில் பஸ் நிலையம் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பளிங்குபோலத் தரை, விசாலமான கூடம், எல்லாம் இருந்தது. பக்கத்திலேயே புறநகர் ரயில் பாதை போகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. மதுரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலை போய் இறங்கினவர்கள் அதற்கப்புறம் ஊருக்குள் போகப் பட்ட பாட்டை மதுரைக்காரர்களிடம் கேட்டால் இன்னும் சூடாகச் சொல்வார்கள். நானும் ஒருமுறை அங்கிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்தது, மதுரையிலிருந்து வந்த டிக்கெட்டில் முக்கால்வாசி.

என்னைக் கேட்டால் முதலில் பஸ். மதுரைக்கென்று 500 இல்லாவிட்டாலும் 300 புதுப் பஸ், அவற்றில் விடியற்காலை நான்கு மணிக்குப் பூ மார்க்கெட்டுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போகும் வண்டிகள் கட்டாயம். ஆரப்பாளையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. நிறுத்தத்தில் நிழல், நேரம் காட்டும் பலகை. இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை, ஓராண்டில் செய்து முடிக்கலாம். கூடவே ரயில்வேயோடு உட்கார்ந்து பேசி, திருமங்கலம் பாதையில் மட்டுமாவது மெமு வண்டிகளை ஆரம்பிக்க வேண்டும். இழுத்தடிப்பார்கள் என்று தெரியும், இழுத்தடிக்கட்டும், பேச்சைத் தொடங்கச் செலவில்லை.

மெட்ரோவைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நிலையங்கள் வரவேண்டிய இடங்களில் கட்டடம் எழும்பாமல் நிலத்தை இப்போதே ஒதுக்கி வைக்கலாம், நாளை மூன்று மடங்கு விலை கொடுப்பதை அதுவாவது தடுக்கும். திருமங்கலம் சாலையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடி, பக்கத்தில் ரயிலும் ஓடி, அப்படியும் படிக்கட்டில் ஆள் தொங்குகிற நாள் வந்தால், மெட்ரோ கேட்டு நடக்கும் ஊர்வலத்தில் நானும் வருவேன். அதுவரை திருநகர் நிறுத்தத்தில் நாலரை மணி பஸ் நாலரைக்கு வருகிறதா என்பதுதான் என் கேள்வி. போன வாரம் நான் அங்கே நின்ற அன்று ஐந்தேகாலுக்கு வந்தது. அவர் அதற்குள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார்.